புங்குஸ் கட்டிய வடை

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

பயிற்சி நாளில் என்னை மேடையேறிப் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடை வராது. பத்துப் பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அதற்குப் பிறகு என் கையில் அதிகம் இருந்தது வேன் ஸ்டியரிங்தான். பேசுவதைவிட எழுதுவது கொஞ்சம் பரவாயில்லை. எழுதித் தருகிறேன், உங்களில் யாராவது வாசித்துவிடுங்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

முதுகு இடம் கொடுக்காததால் இப்போது ஓட்டுவதில்லை. ஓட்டிய காலத்தில், தொண்ணூறுகளில், மலாக்கா டவுனில் ஒரு கல்லூரியின் மாணவர்கள் சனி, ஞாயிறுகளில் தோட்டம் தோட்டமாகப் போய் எய்ட்ஸ் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஏற்றிப் போன வேனை ஓட்டியவன் நான். முதலில் வாடகை வண்டிக்காரனாக ஒதுங்கி நின்றேன். பிறகு ஒலிபெருக்கி தூக்கினேன், பாய் விரித்தேன். எப்போது அவர்களில் ஒருவனானேன் என்று எனக்கே தெரியாது.

நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள். மைக் பிடிப்பது, கூட்டம் சேர்ப்பது எல்லாம் போகப் போக வந்துவிடும். நான் எழுத வந்தது வேறு. ஊர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாம் பேசும்போது பார்ப்பதைவிட, பேசி முடித்த பிறகு இன்னும் கூர்ந்து பார்க்கிறது.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் திடலில் ஒரு நாடகம் போட்டார்கள். தினகரன் என்று ஒரு மாணவன் இருந்தான். பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். அவன் வாயாடி, அவன் ஏறினால் வண்டியில் ரேடியோ தேவையில்லை. அவனுக்குக் கறுப்புத் துணி போர்த்தி, முகத்தில் கரி பூசி, கொம்பு கட்டி, எய்ட்ஸ் அரக்கனாக இறக்கிவிட்டார்கள். “உயிர்க்கொல்லி வந்திருக்கேன்” என்று அவன் கத்தியதும் முன்வரிசைக் குழந்தைகள் அழுதன. பெரியவர்கள் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு லாரிக்காரர் எழுந்து நின்றார்.

“தம்பி, இந்தச் சீக்கு வந்தவன் இப்படித்தான் இருப்பானா?”

“இல்ல அங்கிள், இது சும்மா வேஷம்லா. வந்தவங்க நம்மள மாதிரியேதான் இருப்பாங்க.”

“அப்ப எதுக்கு வேஷம்?”

தினகரன் போர்த்தியிருந்த துணியைக் கழற்றப் பார்த்தான். அவர் விடுவதாக இல்லை.

“நானும் சுத்திமுத்திப் பாத்துட்டேன். கொம்பு வெச்சவன் எங்க ஊர்ல ஒருத்தனும் இல்ல. அப்ப எங்களுக்குக் கவல இல்ல, சரிதானே?”

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. திரும்பும் வழியில் தினகரன் கரியைத் துடைத்தபடி, “மூஞ்சி கழுவுனா கரி போயிரும்ணே. அந்த அங்கிள் கேட்டது போகாது” என்றான். அந்தக் கறுப்புத் துணி அதற்குப் பிறகு என் வண்டியில் எண்ணெய் துடைக்கத்தான் ஆயிற்று. பயமுறுத்தினால் ஊர் நோயைப் பார்த்துப் பயப்படாது, நோயாளியைப் பார்த்துத்தான் பயப்படும். அதை அன்று பாதிதான் புரிந்துகொண்டோம். மீதியைச் சரசு அக்கா வீட்டு வாசலில் கற்றோம்.

செலண்டாரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு தோட்டம். பாதி ரப்பர், பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை. பெயர் வேண்டாம். சரசு அக்கா அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் அவர் ஊருக்கே அக்கா, எனக்கும் அக்கா. அவருடைய புருஷன் வடக்கே எல்லைவரை லாரி ஓட்டியவர். உடம்பு உருகி ஆஸ்பத்திரியில் இறந்தார். பிளாஸ்டிக்கில் சுற்றிய உடலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். வாய்க்கரிசியைப் பெட்டியின் மேல்தான் தூவினார்கள். தூக்கி வந்த இரண்டு பேர் கையிலும் ரப்பர் உறை. நோயின் பெயரை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கையுறைகள் சொல்லிவிட்டன. பிறகு அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து ரத்தம் எடுத்தார்கள். அவருக்கும் இருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. லயத்துக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய பிழைப்பு காலைப் பசியாறல். விடிந்தும் விடியாமலும் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் ஒரு பலகை போட்டு, தோசையும் உளுந்து வடையும் விற்பார். அதை வைத்துத்தான் அவரும், தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகளும் சாப்பிட்டார்கள். புருஷன் செத்த பிறகு வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆனாலும் பழக்கத்துக்காகச் சிலர், பாவம் பார்த்துச் சிலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போனபோது நிலைமை அதுதான். ஊர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருந்தது. இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை மாலை. கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த தோட்ட மண்டபத்தில் கூட்டம். மாணவர்களுக்குத் தலைவி புவனா. சின்ன உடம்பு, தெளிவான குரல். அன்று அவள் கழுத்தில் விரத மாலை இருந்தது. அப்பாவுக்கு இருதய ஆபரேஷன். நல்லபடியாக முடிய வேண்டும் என்று பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் வீட்டில் சமைத்தது மட்டும். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

“கூட உக்காந்து சாப்பிட்டா இது வராது. ஒரே கிளாஸ்ல குடிச்சா வராது. அவங்க கையால சமைச்சத சாப்பிட்டா வராது” என்று அவள் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கடைசி வரிசையில், கதவோரம் நின்றிருந்த ஒரு பெண் சட்டென்று வெளியே வந்து லயத்தை நோக்கி வேகமாகப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கூட்டம் முடியும் நேரத்தில் அவரே திரும்பி வந்தார். ஒரு கையில் துணி மூடிய பேசன், இன்னொரு கையில் தேத்தண்ணீர் கெட்டில். மறுநாள் காலைக்கு ஆட்டி வைத்திருந்த மாவை அவசரமாகச் சுட்டு எடுத்து வந்திருக்கிறார். அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அவர் ஓரமாகப் போகவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நடந்து போனார். ஆட்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். பேசனை மேசைமேல் வைத்து, ஒரு கிளாஸில் தேத்தண்ணீரை ஊற்றினார்.

“தங்கச்சி, ரொம்ப நேரமா பேசுறீங்க. நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். பசியாறுங்க.”

இவர் யார் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், எங்களைத் தவிர. என்ன கேட்கிறார் என்றும் எல்லோருக்கும் தெரியும், எங்களைத் தவிர.

புவனா எழுந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பினாள். “மன்னிச்சிருங்கக்கா. நான் விரதம்.”

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். வேறு எந்த நாளிலும், வேறு எந்த வீட்டிலும் அது நல்ல சொல். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அக்கா கையில் கிளாஸ் அப்படியே இருந்தது. அவர் தினகரன் பக்கம் திரும்பினார்.

“நீங்க எடுத்துக்குங்க தம்பி.”

மழை இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த தோட்டத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். தினகரன் வயரைச் சுருட்டியபடியே, “வாசமே தூக்குதுக்கா. நேரமாயிருச்சு. புங்குஸ் கட்டிக் குடுங்க, வண்டியில சாப்பிடுறோம்” என்றான்.

அக்கா பழைய செய்தித்தாளில் வடைகளைப் பொட்டலமாகப் புங்குஸ் கட்டினார். ஊற்றிய தேத்தண்ணீரைத் திரும்பக் கெட்டிலிலேயே ஊற்றினார். நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

தோட்டத்து கேட் தாண்டுவதற்குள் பொட்டலம் பிரிந்துவிட்டது. இரண்டு கையாலும் தின்றார்கள். எனக்கும் இரண்டு வந்தது. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் வடை. “டேய், இந்த அக்கா கைக்குத் தங்க வளையல் போடணும்டா” என்றான் தினகரன். புவனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். “தைப்பூசம் முடியட்டும். முதல் வேலையா இங்கதான் வருவேன்.” காகிதத்தில் ஒட்டியிருந்த துணுக்கைக்கூட விடவில்லை. வண்டிக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்க்க அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர்கூட வண்டியில் இல்லை.

ஒலிபெருக்கி ஸ்டாண்டை மண்டபத்தில் மறந்துவிட்டு வந்திருந்தோம். அடுத்த வாரம் ஒரு காலையில் அதை எடுக்கப் போனேன். பெரட்டு முடியும் நேரம். அக்கா பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பேசன் நிறைய வடை. சற்றுத் தள்ளி மோட்டார் சைக்கிளில் கறிபாப் பலகாரம் விற்கிறவனைச் சுற்றிக் கூட்டம். ஓர் ஆள் அக்காவைக் கடந்து போகும்போது நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

“இன்னிக்கு நான் விரதம்லா அக்கா.”

பின்னால் வந்தவன், “எனக்கும் விரதம். புங்குஸ் கட்டி வையி, போற வழியில பாத்துக்கிறேன்” என்றான். களமே சிரித்தது. அக்கா பேசனில் உட்கார்ந்த ஈயை விரட்டினார்.

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற மண்டோர் முனியாண்டியைக் கேட்டேன். வேலைக்கு ஆள் பிரிப்பவர் அவர்தான். வயதில் மூத்தவர், பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. அவர்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார்: புருஷன் செத்தது, கையுறை, ரத்தம் எடுத்தது, எல்லாம். சொல்லிவிட்டு என்னையே கேட்டார்.

“ஒங்க காலேஜ் பிள்ளைங்க நல்லாத்தான் பேசுனாங்க. நானே பாதி நம்பிட்டேன். கடைசில தின்னாங்களா? ஒருத்தி விரதம்னா. ஒருத்தன் புங்குஸ்னான். தோட்டத்து கேட்டத் தாண்டுனதும் செம்பனைக்குள்ள வீசியிருப்பீங்க.”

“இல்லண்ணே. தின்னோம். எல்லாத்தையும் தின்னோம். நானும் தின்னேன்.”

“யாரு பாத்தா?”

நான் நேரே பலகைக்குப் போய் வடை வாங்கினேன். அத்தனை பேர் பார்க்கச் சாப்பிடுவது என்னைப் போன்றவனுக்கு லேசு இல்லை. தலையைத் தூக்காமல் மென்றேன். “டிரைவருக்கு முன்னாலேயே ஊசி போட்டுத்தான் கூட்டியாறாங்க” என்று யாரோ சொன்னார்கள். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. “சட்னி வேணுமாண்ணே?” என்று மட்டும் கேட்டார், எந்த வாடிக்கைக்காரனையும் கேட்பது போல.

அன்றே கல்லூரி வாசலில் காத்திருந்து புவனாவிடம் சொன்னேன். நான் சொல்லி முடிக்க நேரமாயிற்று. எனக்குக் கோவையாகச் சொல்ல வராது. அவள் கை கழுத்து மாலைக்குப் போய் நின்றது.

“நாளைக்குப் பெரட்டுக்கு முன்னாடி நம்ம அங்க இருக்கணும்ணே.”

“தைப்பூசம் இன்னும் வரலியே, தங்கச்சி. அப்பா?”

“போகணும்ணே.”

தம்பி, தங்கைகளே, அந்த இரவு அவள் என்ன யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் பெற்ற அப்பா. இன்னொரு பக்கம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பிழைப்பு. காலையில் வண்டியில் ஏறும்போது முகம் வீங்கியிருந்தது. செலண்டார் வரை மாலை மணிகளை உருட்டிக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போனபோது களம் நிறைந்திருந்தது. புவனா நேரே போய் பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, பசியாற வந்திருக்கேன். தோசை குடுங்க.”

அக்காவின் பார்வை அவள் நெற்றித் திருநீற்றில் இருந்து கழுத்து மாலைக்கு இறங்கியது.

“விரதம் முடிஞ்சிருச்சா?”

“பரவால்லக்கா. குடுங்க.”

“யாருக்கு நேந்துகிட்ட?”

புவனாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. “அப்பாவுக்கு. ஆபரேஷன்.”

அக்கா தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை அப்படியே கீழே வைத்தார்.

“எந்திரிச்சுப் போம்மா.”

“அக்கா, நான் சாப்பிடாததுனாலதானே இவங்கல்லாம்...”

“தெரியும். அதுக்கு? கழுத்துல மாலையோட என் கையால வாங்கித் தின்னு, நாளைக்கு ஒங்கப்பாவுக்கு ஒன்னுன்னா யாரச் சொல்வாங்க? புருஷனத் தின்னவள்னு ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு எனக்கு. இது வேறயா?”

புவனா மாலையைக் கழற்றக் கையைத் தூக்கினாள். அக்கா பலகையைத் தாண்டி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுகப் பிடித்திருந்தார். அந்தக் களத்தில் பல நாளாக யாரும் தொடாத கை அது.

“வேணாம் தங்கச்சி. ஒங்கப்பா நல்லா இருக்கட்டும். போ.”

அவர் கொடுக்கவே இல்லை. புவனா அழுதபடி எழுந்து வந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்ததைக் களமே பார்த்திருந்தது. இப்போதாவது புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு பெண்ணின் குரல் கேட்டது, கெட்ட எண்ணம் இல்லாமல், சாதாரணமாக.

“பாத்தியா, அவளே குடுக்க மாட்டேங்குறா. அவளுக்கே தெரியுது.”

அன்றோடு அந்தப் பலகைக் கடை மூடிவிட்டது. பாவம் பார்த்து வாங்கிய சிலரும் நின்றுபோனார்கள். குழாயடியில் அவர் குடத்துக்கு அடுத்து யாரும் குடம் வைக்கவில்லை. புவனாவின் அப்பா பிழைத்தார். பால்குடம் எடுத்து முடித்து, மாலையை இறக்கிய மறுநாளே அவள் என்னை அழைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. மகளைப் புலாவ் செபாங்கில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

“அன்னிக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிருந்தா முருகன் என்னைக் கோவிச்சிருப்பாராண்ணே?” என்று வண்டியில் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அது அவளுக்கும் அவள் சாமிக்கும் உள்ளது. ஆனால் ஒன்று சொல்வேன். நீட்டிய கிளாஸ் நம் முன்னால் நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் ஊர் தீர்மானித்துவிடும். பிறகு நாம் கொண்டுவரும் விளக்கமெல்லாம் ஆறின தேத்தண்ணீர்.

இரண்டொரு வருடம் போயிருக்கும். மலாக்கா டவுனில் பஸ் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. காலையில் வடைக்கு அங்கே கூட்டம் அலைமோதும் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். பின்பக்கக் கதவு திறந்தபோது அடுப்படி தெரிந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் சரசு அக்கா. இளைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். கண்ணை எடுக்காமல், தலையை மிகச் சிறிதாக இடமும் வலமும் ஆட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன். இதுவும் நீங்கள் பழகிக்கொள்ள வேண்டியது. நமக்குத் தெரிந்தவர்களை வெளியில் பார்த்தால், அவர்கள் கூப்பிட்டால்தான் நாம் தெரிந்தவர்கள்.

அதற்குப் பிறகு அடிக்கடி அங்கே பசியாறினேன். அவர் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். கடை நிறைந்திருக்கும். ஆபீஸ்காரர்கள், ரோட்டு வேலைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகளோடு வரும் தாய்மார்கள், எல்லோரும் அவர் கையால் சாப்பிட்டார்கள். அதற்கு அவருக்குப் பெயர் இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் நான் இலையில் இருந்தபோது என் எதிரில் ஒருவர் பைகளோடு வந்து உட்கார்ந்தார். மண்டோர் முனியாண்டி.

“அட, டிரைவர் தம்பி. என்னா இங்க?”

அடுப்படிக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் முதுகு அந்தப் பக்கம் இருந்ததுதான் நல்ல நேரம். உள்ளே அக்கா சுவரோடு ஒட்டி நிற்பது எனக்குத் தெரிந்தது. கரண்டி எண்ணெயில் இருந்தது, கை அசையவில்லை.

வடை வந்தது. அவர் பிய்த்து வாயில் போட்டார், இன்னொன்று கேட்டார், மறுபடியும் கேட்டார்.

“என்னா வடைலா இது. மலாக்காவுக்கு வந்தா இங்கதான் பசியாறணும்.” மென்றுகொண்டே சொன்னார். “அந்தச் சரசு நெனப்பு இருக்கா தம்பி? அவளும் இப்படித்தான் சுடுவா. கெசியான், பாவம். செத்துட்டானு சொல்றாங்க. ஒனக்கு ஏதும் தெரியுமா?”

“தெரியலண்ணே.”

அவர் கை கழுவ எழுந்தார். அந்தக் கடையில் குழாய் அடுப்படி வாசலை ஒட்டி இருந்தது. அங்கே நின்றால் உள்ளே இருப்பவரின் முகம் ஒரு முழ தூரம்தான். அவர் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா அன்றே நடுத்தெருவுக்கு வருவார். யோசிக்க நேரம் இல்லை. மேசையில் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு நான் அவருக்கு முன்னால் எழுந்துவிட்டேன்.

“அங்க வழுக்குதுண்ணே. வெளிய வாங்க, நான் ஊத்துறேன்.”

கடை வாசல் நடைபாதையான ஐந்தடியில் நின்று, சாக்கடை ஓரத்தில் அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன். அவர் சிரித்தார்.

“என்னப்பா, மாப்பிள்ளைக்கு ஊத்துற மாதிரி ஊத்துற. பொண்ணு கிண்ணு வெச்சிருக்கியா?”

நான் என் வாழ்நாளில் பேசாத பேச்செல்லாம் அன்று பேசினேன். மழை, லாரி, பெட்ரோல், அவர் பிள்ளைகள். ஜக் காலியான பிறகும் பேசினேன். அவர் திரும்பிக் கல்லாவில் நின்று, “வீட்டுக்குப் பத்து வடை புங்குஸ்” என்றார். கடைக்காரர் உள்ளே குரல் கொடுத்தார். கதவு இடுக்கில் இருந்து வளையல் இல்லாத ஒரு கை மட்டும் பொட்டலத்தோடு வெளியே நீண்டது. முனியாண்டி அண்ணன் அந்தக் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனார். அன்று அந்தத் தோட்டத்து லயத்தில் சரசு அக்கா சுட்ட வடையைத் தின்றார்கள்.

கூட்டம் குறைந்ததும் அக்காவே இலை எடுக்க வந்தார். அத்தனை நாளில் முதல் தடவையாகப் பேசினார்.

“பசியாறிட்டீங்களாண்ணே?”

“ஆச்சுக்கா.”

முனியாண்டி அண்ணன் சாப்பிட்ட இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒன்னும் மிச்சம் வெக்கல” என்றார். பிறகு அதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வருடம் அக்கா ஆஸ்பத்திரியில் இறந்தார். புவனா அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் சொல்லித் தெரிந்துகொண்டு, கடைசிவரை போய்ப் பார்த்தவள் அவள்தான். கடையில் நடந்ததை நான் சொன்னதும், முனியாண்டியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றான் தினகரன். “தின்னாரு, ஒன்னும் ஆகல. இதைவிட என்ன சாட்சி வேணும்? மைக்ல சொல்லலாம்ணே.” அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. புவனா மறுத்துவிட்டாள். “அவங்க பொண்ணு இன்னும் புலாவ் செபாங்ல பள்ளிக்கூடம் போகுது. அவங்க கதை நம்ம மைக்குக்கு இல்லடா.” முனியாண்டி அண்ணன் வயதாகித்தான் செத்தார். கடைசிவரை அவருக்குத் தெரியாது. இப்போதும் நான் தோட்டத்தின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

வரும் சனிக்கிழமை உங்கள் முதல் பயணம், லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டம் என்றார்கள். அன்று புரட்டாசிச் சனி. உங்களில் விரதம் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை, நல்லபடியாக இருங்கள், வேறொரு நாள் வரலாம். அன்றைக்கு வண்டியில் ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும், வீட்டில் பசியாறாமல் வாருங்கள்.